குழாய்க்கு இந்தப் பக்கம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு எல்லாவற்றையும் காவல் நிலைய எழுத்தர் தனித்தாளில் எழுதிக்கொண்டார். வயது ஐம்பத்து மூன்று. தொழில், சலவைக்கடை. என் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சலவைக்கடை அக்கா என்றால் கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். படிப்பு பள்ளி இறுதி வரை. இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. இந்த வாக்குமூலத்தை யாருக்கும் பயந்து கொடுக்கவில்லை. பயப்படுகிற வயதெல்லாம் போய்விட்டது.

நகராட்சி இடுகாட்டின் மேலாளர் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்கிறார்கள். நேற்றுக் காலை என் அம்மாவை அடக்கம் செய்யப் போன இடத்தில், அவரைப் பணி செய்யவிடாமல் தடுத்து, நோய் பரப்பக்கூடிய பொருளை அவர் முகத்தில் பூசினேன் என்பது புகார். பூசியது உண்மை. முகத்தில் என்று அவர் எழுதியிருக்கிறார், நான் பூசியது வாயில். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், ஒன்று விடாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நான் சொல்லும்போது மேலாளரை அவன் இவன் என்றுதான் சொல்லி வருகிறேன். எழுத்தர் அவர் என்று எழுதுகிறார். அரசாங்க மரியாதையாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

என் அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் இறந்து பத்து வருடம் ஆகப்போகிறது. அவரை நகராட்சி இடுகாட்டில் கிழக்கு மதிலை ஒட்டிய வரிசையில் அடக்கம் செய்தோம். அந்த மதிலில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. குழாயைப் பார்த்து நின்றால், அதற்கு இடது கைப் பக்கம் அப்பா. அப்பாவுக்கு இடது பக்கத்து இடத்தை அம்மாவுக்கென்று அன்றைக்கே பதிந்து வைத்தோம், அதற்கு நகராட்சி உத்தரவும் கொடுத்தது. அப்போது அம்மா, "ஒரே வீட்ல இத்தனை வருஷம் சண்டை போட்டாச்சு, மிச்சத்தை அங்க போய்ப் பேசித் தீர்த்துக்கிறோம். என்னைக் கொண்டுபோய் வேற யார் பக்கத்துலயும் போட்டுடாதீங்க" என்று என்னிடமும் தம்பியிடமும் சொன்னார். அதன் பிறகு பல தடவை அதையே சொல்லியிருக்கிறார். எங்களிடம் அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

இடுகாட்டு வாசலில் ஒரு விதிமுறைப் பலகை இருக்கிறது. கல் இவ்வளவு உயரம்தான் இருக்க வேண்டும், எழுத்து கறுப்பில்தான் இருக்க வேண்டும், படம் கூடாது, செடி நடக் கூடாது, பூ வைத்தால் வாடுவதற்குள் எடுத்துவிட வேண்டும், காலி இடத்தில் உட்காரக் கூடாது. மாடி மேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போகிறவனை இந்த நகராட்சி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவின் கல் மட்டும் நாலு விரல் உயர்ந்துவிட்டதென்று பிடுங்க வைத்து, மேல் வளைவை வெட்டி மட்டமாக்கிய பிறகே நட அனுமதித்தார்கள். நாங்களும் வாயை மூடிக்கொண்டு வெட்டிக் கொடுத்தோம். விதி என்றால் விதி, செத்தவர்களுக்குள்ளே ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மடக்கு முக்காலியை எடுத்துக்கொண்டு அங்கே போவார். குழாய்க்குப் பக்கத்தில் மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அப்பாவிடம் வாரம் முழுவதும் நடந்ததைச் சொல்வார். பாதிக்கு மேல் என்னைப் பற்றிய குறைதான். நான் தூரத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு, போன வருடத்துக்கு முந்தின வருடம், நகராட்சி புல் வெட்டும் வேலையை ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது. அவர் ஆள் உட்கார்ந்து ஓட்டும் அகலமான புல்வெட்டி வண்டியைக் கொண்டுவந்தார். இடுகாட்டில் கல்லறைகள் ஒரே சீராக இருக்கவில்லை. குழி வெட்டியவர்கள் வேர் வந்த இடத்தில் தள்ளி வெட்டியிருக்கிறார்கள், பாறை வந்த இடத்தில் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். வண்டி இரண்டு கல்லுக்கு நடுவே நுழையவில்லை. அறிவுள்ளவன் சின்ன வண்டி வாங்குவான். இவர்கள் செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டினார்கள். வரிசை ஒழுங்குத் திட்டம் என்று ஒரு பெயர் வைத்து, கயிறு கட்டி, எல்லாக் கற்களையும் பிடுங்கி, ஒரே இடைவெளியில் நேராக நட்டுவிட்டார்கள். கீழே படுத்திருக்கும் ஆட்களை யாரும் தொடவில்லை. வாசலில் ஒட்டிய அறிவிப்பில், கற்கள் சுத்தம் செய்து உறுதிப்படுத்தப்படும் என்று மட்டும்தான் இருந்தது. கல் இடம் மாறும் என்று எந்தக் குடும்பத்துக்கும் சொல்லவில்லை.

கேட்கப்பட்டதற்குச் சொல்கிறேன். எனக்கு அப்போது வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. அப்பாவின் கல் குழாயைத் தாண்டி வலது பக்கம் போயிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "குழாய்க்கு இந்தப் பக்கம் இருந்த மனுஷன் எப்படிடி அந்தப் பக்கம் போனாரு? உயிரோட இருந்தப்ப குளின்னு சொன்னாலே ஓடுவாரு" என்றார். அந்தப் பக்கம் இருந்தது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவின் கல்லறை. டீச்சரம்மாவின் கல் இன்னும் தள்ளிப் போயிருந்தது. "அந்த அம்மா மேல நின்னுக்கிட்டு என் புருஷன்கிட்ட பேசவா?" என்று அம்மா கேட்டார்.

அதன் பிறகு நானும் அம்மாவும் மேலாளரின் அலுவலகத்துக்குப் போனோம். வெளியே வாடின பூவுக்கு அபராதம், உள்ளே அவர் மேசையில் தூசி படிந்த பிளாஸ்டிக் ரோஜா. மூலையில் வாசனை அடிக்கும் டப்பா ஒன்று தானாகவே புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தது. சுவரில், சிறப்பாகப் பராமரிக்கப்படும் இடுகாடு என்று அவர்களுக்குக் கிடைத்த கேடயம் மாட்டியிருந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னதும் மேலாளர் சிரித்துவிட்டு, "கல்லு எங்க இருக்கோ அங்கதாம்மா ஆளு. வயசானா இப்படித்தான் தோணும்" என்றார். அம்மா எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகும் முக்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார். அது காலி இடம், உட்காரக் கூடாது என்று காவலாளி இரண்டொரு முறை எழுப்பியிருக்கிறார். அம்மா எழுந்து, அவர் போனதும் மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

அம்மா போன திங்கட்கிழமை மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். நாங்கள் இரண்டு பேரும் பழைய உத்தரவை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனோம். அம்மா சொன்னதை நான் அவருக்கு மறுபடி நினைவுபடுத்தி, தோண்டும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளும்படி கேட்டேன். அவர், எல்லாம் வரைபடத்தில் இருக்கிறது, கல்லுக்கு இடது பக்கம் காலி, கவலைப்பட வேண்டாம் என்றார். அந்த வரைபடமும் கற்களை நேராக்கின பிறகு கல்லைப் பார்த்து வரைந்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். என் புத்தி அன்றைக்கு எங்கும் போகவில்லை, துக்கத்தில் இருந்தது.

வழக்கமாக அவர்கள் முந்தின நாள் மாலையே குழி தோண்டி, பச்சை விரிப்புப் போட்டு மூடிவைத்துவிடுவார்கள். முந்தின நாள் முழுவதும் மழை பெய்ததால் தோண்டவில்லை. நேற்றுக் காலை நாங்கள் அம்மாவை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது, தோண்டும் இயந்திரம் அப்போதுதான் வேலையை ஆரம்பித்திருந்தது. மேலாளர் வெள்ளைச் சட்டையும் குடையுமாகத் தள்ளி நின்றார். சொந்தக்காரர்களும் கடை வாடிக்கையாளர்களும் வண்டிப் பக்கம் நின்றார்கள். நானும் தம்பியும் குழியின் ஓரத்தில் நின்றோம்.

இயந்திரக்காரர் சிறிது நேரம் தோண்டினார். அதன் பிறகு பலகை முறிகிற சத்தம் கேட்டது. இயந்திரத்தின் வாரி அடுத்த தடவை அள்ளியபோது மண்ணோடு மண்ணாக, மெருகு பூசின பலகைத் துண்டும், ஒரு பித்தளைப் பிடியும், துணியும் மேலே வந்தன. அவற்றோடு வேறு என்ன வந்தது என்பதைச் சொல்ல மாட்டேன். தம்பி பார்த்தான், பார்த்துவிட்டு மதில் பக்கம் திரும்பிக்கொண்டான். இயந்திரக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

நாற்றம் வந்ததா என்று கேட்கப்பட்டது. வந்தது. மருத்துவமனைத் துணி வெளுக்கிறவள் நான், நாற்றம் எனக்குப் புதிதில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் துணி சாம்பல் நிறக் கோட்டு. நான் குனிந்து காலர்ப் பக்கத்தைப் பிடித்து மண்ணைத் துடைத்தேன். எங்கள் கடையில் ஒவ்வோர் உருப்படிக்கும் காலரின் உள்பக்கம் நூலில் குறி தைப்போம், ஒருவர் துணி இன்னொருவருக்குப் போகாமல் இருப்பதற்காக. வாடிக்கையாளருக்குக் கறுப்பு நூல். எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் சிவப்பு நூலில் பெருக்கல் குறி. அப்பா இறந்த அன்று நானே அவருடைய கோட்டை வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தேன். குறியைப் பிரிக்க மறந்துவிட்டேன், போட்டுவிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நேற்று அந்தக் குறியை நான் பார்த்தேன். நைலான் நூல், நிறம்கூடப் போகவில்லை.

நான் மேலாளரைக் கூப்பிட்டு, இது என் அப்பா என்றேன். அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். அதன் பிறகு என்னிடம் பேசாமல் இயந்திரக்காரரிடம், அது பழைய மர வேர், ஓரமாகத் தள்ளி மூடிவிட்டு ஓர் அடி தள்ளித் தோண்டு என்றார். இயந்திரக்காரர் அசையவில்லை. "சார், போன மழையிலயும் இந்த வரிசையில இப்படித்தான் வந்துச்சு. அப்பவும் வேருன்னுதான் மூடச் சொன்னீங்க" என்றார். மேலாளர் அவரைப் பார்த்து, உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார். முந்தின நாள் மாலையே தோண்டிப் பச்சை விரிப்பைப் போட்டு மூடுகிற வழக்கம் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கியது. எத்தனை வீட்டுக்காரர்கள் அந்த விரிப்பைச் சுற்றி நின்று கும்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

நான் காலரைத் திருப்பிக் குறியைக் காட்டினேன். இது எங்கள் கடைக் குறி, இந்தக் கோட்டில்தான் அப்பாவை அடக்கம் செய்தோம், நீங்கள் கல்லை நகர்த்தியதால் வந்த வினை இது என்றேன். அவர் கல்லைக் கையால் காட்டி, உங்கள் அப்பா அங்கே இருக்கிறார், அதனால் இது உங்கள் அப்பா இல்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெற்ற மகள் கையில் தகப்பன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, கல்லைக் காட்டித் தகப்பனை இல்லை என்றவரை நேற்றுத்தான் பார்த்தேன்.

தம்பி நடுவில் வந்து, சார், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், அம்மா வண்டியில் இருக்கிறார், அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கெஞ்சினான். அவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மேலாளர் கொஞ்சம் யோசித்தார். அதன் பிறகு பெரிய மனது பண்ணுகிற தோரணையில், "கல்லுதானே உங்க பிரச்சினை? அதை வேணும்னா இங்க நகர்த்திடச் சொல்றேன். ரெண்டு நிமிஷ வேலை" என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை விலக்கி, தொண்டையைக் காறிக் குழிக்குள் துப்பினார்.

வேண்டுமென்று துப்பினாரா என்று கேட்கப்பட்டது. இல்லை. நாற்றம் தாங்காமல் துப்பியிருக்கலாம். வேர் நாறுமா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நான் வாரியில் இருந்த மண்ணில் ஒரு கை எடுத்து அவர் வாயில் அப்பினேன். அவர் குடையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனார். மறுபடி ஒரு கை எடுக்கப் போனபோது தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். வேறு எங்கும் அவரை அடிக்கவில்லை, தள்ளவில்லை. அவர் சட்டை பாழானது உண்மை. அதை என் கடைக்கு அனுப்பினால் வெளுத்துத் தருகிறேன். மேலாளர் குழாயடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார். நான் அங்கேயே நின்று, குறி இருந்த காலர்த் துண்டைக் கோட்டிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டேன். கையைக் கழுவவில்லை.

காவலர்கள் வந்து என்னை அழைத்துக்கொண்டு வந்தார்கள். நான் அறுத்து வைத்திருந்த காலர்த் துண்டை இந்த நிலையத்துப் பெண் ஆய்வாளரிடம் ஒப்படைத்தேன். அதன் பிறகு மேலாளர் வேறு ஆளை வைத்துக் குழியை மூடிவிட்டதாகத் தம்பி வந்து சொன்னான். அம்மாவை மருத்துவமனைக் குளிரறைக்கே திருப்பி எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த வரிசை இப்போது மூடி வைக்கப்பட்டுள்ளது, வேண்டுமானால் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய புதுப் பகுதியில் இடம் தருகிறோம் என்று நகராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அம்மாவுக்கு அக்கம்பக்கம் யாரும் இல்லை.

இன்று காலை ஆய்வாளர் அம்மா இரண்டு தாள்களை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒன்று, நகராட்சி கொடுத்த அறிக்கை. குழியில் மனித உடலின் எச்சம் எதுவும் இல்லை, பழைய மர வேர் மட்டுமே இருந்தது என்று அதில் இருக்கிறது. மற்றது, என் மேல் கொடுத்த புகார். அழுகிய மனித உடல் கலந்த மண்ணை வாயில் பூசியதால் நோய் தொற்றும் அபாயம் ஏற்பட்டு, மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தது என்று அதில் இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்து ஒரே ஆளுடையது. நான் சிரித்தேன். அப்பா செத்துப் போனார், அம்மா குளிரறையில் இருக்கிறார், நான் காவல் நிலையத்தில் உட்கார்ந்து சிரிக்கிறேன். இப்படியும் ஒரு பிழைப்பு.

ஆய்வாளர் அம்மா நல்லவர். கதவைச் சாத்திவிட்டு, "வெறும் சேறுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. பெரிய பிரிவுல வழக்கு நிக்காது. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம், அம்மா காரியத்தைப் பாருங்க" என்றார். தம்பியும் அதையே சொல்லி அழுதான். புதுப் பகுதியிலாவது வைத்துவிடுவோம், எத்தனை நாள் அம்மாவை அங்கே போட்டு வைப்பது என்றான். அவன் கேட்டது நியாயம். ராத்திரி முழுவதும் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் சேறு என்று சொன்னால் மேலாளரும் தம் புகாரில் சேறு என்று திருத்திக்கொள்வார். அப்போது அந்த இடத்தில் வேர்தான் இருந்தது என்று ஆகிவிடும். அப்பா டீச்சரம்மாவின் இடத்தில் இருக்கிறார் என்று ஆகிவிடும். அம்மா எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஆகிவிடும். குழாய்க்கு இந்தப் பக்கம் என் அப்பா இருக்கிறார் என்று நகராட்சியின் கை எழுதிய வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என் மேல் கொடுத்த இந்தப் புகார். அதை நான் வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெரிய பிரிவையே என் மேல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் மேலாளர் எழுந்து நின்று, தம் வாயில் பூசப்பட்டது என்ன என்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். சொன்ன மறு நிமிடம் தீர்ப்பு என்னவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை அம்மா காத்திருப்பார். அப்பாவுக்காகக் காத்திருப்பது அம்மாவுக்குப் புதிதில்லை, பணிமனையிலிருந்து அவர் நேரத்துக்கு வீடு வந்ததே கிடையாது.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியதை முழுதும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் செய்ததும் அன்றி இதில் வேறொன்றும் இல்லை. ஒரு திருத்தம் மட்டும் கேட்டேன். "வாரியில் இருந்த மண்ணில் ஒரு கை எடுத்து" என்று எழுத்தர் எழுதியிருந்தார். அதில் "மண்ணில்" என்பதை அடித்து, "என் அப்பாவில்" என்று என் கையாலேயே எழுதினேன். வாக்கியம் சரியாக வரவில்லையே என்றார் எழுத்தர். இருக்கட்டும் என்று சொல்லி, அதன் பக்கத்திலும் கீழேயும் கையெழுத்திட்டேன்.

(கையொப்பம்)